கப்ரிஃபொல்யோ வந்திட்டுது

பலேர்மோவில் மட்டுமில்லை, ஐரோப்பாக் கண்டம் முழுக்கத் தேடினாலும் நகுலேஸ்வரனின் மொட்டைமாடியில் நின்ற கொடி மாதிரி ஒரு கொடி கிடைக்காது. அது பூக்கிற கிழமையில் எத்னா மலை புகை விடுகிறதை நிறுத்திவிட்டு மூக்கை இந்தப் பக்கம் திருப்பும். நாப்போலியிலிருந்து வருகிற கப்பல் திசைகாட்டியை மூடி வைத்துவிட்டு, மணத்தைப் பிடித்துக்கொண்டே துறைமுகத்துக்குள் நுழையும். போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்கிறவர்கள் தங்கள் மீனைத் தாங்களே மணந்து பார்த்து, இது மீனா பூவா என்று சண்டை பிடிப்பார்கள். அந்தக் கொடி இறுக்கிப் பிடித்திருக்காவிட்டால் சிசிலித் தீவு எப்பவோ கழன்று ஆபிரிக்காப் பக்கம் மிதந்து போயிருக்கும்.

சரி, இதில் பாதி புளுகு. மற்றப் பாதி நகுலேஸ்வரன் சொன்னது.

அந்தக் கொடிக்கு இங்கிலீசில் ஹனிசக்கிள் என்று பெயர். இத்தாலி பாஷையில் கப்ரிஃபொல்யோ. யாழ்ப்பாணத்தில் அது முளைக்காதபடியால் நம்மாட்கள் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைக்காமல் விட்டதுதான் இவ்வளவு வில்லங்கத்துக்கும் காரணம்.

நகுலேஸ்வரன் நெடுத்த மனிதர். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்தவர். கலியாணம் கட்டி நாலு மாதம் மனைவி சந்திரமதியோடு இருந்தார். பிறகு எண்பத்தொன்பதில் இங்கே வந்து சேர்ந்தார். வந்த புதிதில் பெயர் கேட்டவர்களுக்கு "நகுல்" என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார். இந்த ஊர்க்காரர் எந்தச் சொல்லுக்கும் ஒரு 'ஓ' வால் ஒட்டாமல் விடமாட்டார்கள். நகுல், நகுலோ ஆகிவிட்டது. 'குலோ' என்றால் இவர்கள் பாஷையில் மனிதர் கதிரையில் வைக்கிற இடம். கோப்பிக்கடை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவர் வேலை செய்த வீட்டு அம்மா, இவர்கள் வாயில் சினியோரா, இரக்கப்பட்டு, "இனி நீ நீனோ" என்று பெயரை மாற்றிவிட்டா.

நீனோ சினியோரா வீட்டில் துணி அழுத்தினார், தூசு தட்டினார், மத்தியானச் சமையல் செய்தார், மாடிச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மற்ற நேரமெல்லாம் ஃபொல்யோவுக்குக் காத்திருந்தார்.

ஃபொல்யோ என்றால் தாள். பலேர்மோத் தமிழருக்கு இந்தப் பாஷையில் முதலில் பாடமாகிற சொல் அதுதான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் யன்னலுக்குள்ளிருந்து ஒருவர் "மான்கா உன் ஃபொல்யோ" என்பார். புதிதாய் வந்தவன் மாங்காய் கேட்கிறார் என்று நினைப்பான். ஒரு தாள் குறைகிறதாம். அதைக் கொண்டுபோனால் இன்னொன்று குறையும். நகுலேஸ்வரனுக்கு இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. மனைவியைக் கூப்பிடுகிற ஃபொல்யோதான் வரவில்லை. சினியோரா தனக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தா.

சந்திரமதிக்கென்று அவர் ஏற்கெனவே ஒரு இரும்புக் கட்டில் வாங்கியிருந்தார். இரட்டைக் கட்டில். அதில் தனியே படுத்தால் மற்றப் பக்கம் வெறுமையாய்க் கிடந்து அவரையே பார்க்கிற மாதிரி இருந்தது. பொறுக்க முடியாமல் கட்டிலைக் கழற்றி மொட்டைமாடிச் சுவரில் சாத்திவிட்டு, அறையில் பாய் விரித்துப் படுத்தார்.

இப்படி இருக்கையில், தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குக் கீழே பெப்பேயின் கோப்பிக்கடை. அக்கம்பக்கத்துத் தமிழருக்கெல்லாம் பெப்பேயின் தொலைபேசிதான் தொலைபேசி. பெப்பே தெருவுக்கு வந்து மேலே பார்த்துக் கத்தினான்.

"நீனோ! சினியோரா எடுத்தவ! உன்ரை கப்ரிஃபொல்யோ வந்திட்டுதாம்! நாளைக்கு வந்து எடுக்கட்டாம்!"

நகுலேஸ்வரன் ஒரு காலில் மட்டும் செருப்போடு கீழே வந்தார்.

"என்ன ஃபொல்யோ?"

"கப்ரி. கப்ரிஃபொல்யோ," என்றுவிட்டுப் பெப்பே கோப்பி மெஷினுக்குப் பின்னால் போய்விட்டான்.

மூலையில் ஜெயரட்ணம் இருந்தார். துறைமுகத்தில் கப்பல் கழுவுகிறவர். கப்பலில் ஏறுகிறபடியால் உலகம் முழுக்கத் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"கப்ரி எண்டது நாப்போலிக்கு முன்னாலை இருக்கிற தீவு மச்சான்."

"தீவுக்கும் என்ரை மனுசிக்கும் என்ன?"

"விளங்கேல்லையே உனக்கு? முடிவெடுக்கிறது ரோமாவிலை. தெற்குப் பக்கத்து ஆக்களின்ரை கடதாசிக்கு முத்திரை குத்துறது கப்ரியிலை. எல்லாம் யோசிச்சுத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

"மற்றவைக்கு வரேக்கை ஒருத்தரும் கப்ரி எண்டு சொல்லேல்லையே?"

"அவைக்கு வந்தது சும்மா ஃபொல்யோ. உனக்கு வந்தது கப்ரிஃபொல்யோ! சினியோராவின்ரை செல்வாக்கடா. கோப்பி வாங்கித் தா."

நகுலேஸ்வரன் கடையில் இருந்த எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு கொழும்புக்கு எடுத்தார். யாழ்ப்பாணத்துக்கு அப்போது தொலைபேசி கிடையாது. வெள்ளவத்தையில் சந்திரமதியின் தாய்மாமன் இராஜநாயகம் இருந்தார். அவரிடம் சொன்னால் யாழ்ப்பாணம் போகிற யாரிடமாவது சொல்லிவிடுவார்.

"மாமா, ஃபொல்யோ வந்திட்டுது. மதியை வெளிக்கிடச் சொல்லுங்கோ."

"நாளைக்குக் காலமை ஒரு ஆள் போகுது தம்பி. சொல்லி அனுப்பிறன்," என்றார் மாமா.

அடுத்த நாள் நகுலேஸ்வரன் புதுச் சேட்டுப் போட்டு, தாள் நனையக் கூடாதென்று ஒரு பிளாஸ்டிக் உறையும் எடுத்துக்கொண்டு போனார். சினியோரா அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சட்டியைக் காட்டினா. சட்டிக்குள் ஒரு மூங்கில் குச்சி. குச்சியில் இன்னொரு குச்சியைக் கட்டி வைத்த மாதிரி ஒரு கொடி. நுனியில் ரெண்டு சின்ன இலை.

"உன்ரை மாடி வெயிலுக்கு நல்லது, நீனோ. எனக்கு எடுப்பிக்கேக்கை உனக்கும் ஒண்டு எடுப்பிச்சனான். காப்ரா எண்டால் ஆடு. இதிலை ஃபொல்யோ எண்டால் தாள் இல்லை, இலை. ஆட்டின்ரை இலை!"

நகுலேஸ்வரன் அதை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தார். ஆட்டுக்குழை. உறையை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு "கிராத்சியே, சினியோரா" என்று நன்றி சொன்னார்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவழியே ஓடி வந்தார். நேரே தொலைபேசி.

"ஆள் காலமையே வெளிக்கிட்டிட்டுது, தம்பி," என்றார் மாமா. "ஏன், என்ன?"

"ஒண்டுமில்லை மாமா."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே தவிர, அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர இருந்த வழி கிளாலிக் கடல். இருட்டில் வள்ளத்தில் சனம் கடக்கும். வெளிச்சம் கண்டால் கடற்படையின் வெடி விழும். கரை சேர்ந்தவர்கள் கொழும்புக்கு வருவார்கள், மற்றவர்களைப் பற்றிப் பேப்பரில் வரும். ஒரு ஆட்டுக்குழையை நம்பி அந்தக் கடலில் இறங்கப் போகிறாள் அவர் மனைவி. தடுக்க வழியில்லை.

முதலில் சட்டியைக் கடலில் எறியத்தான் நினைத்தார். "உனக்கு வேறை பேர் கிடைக்கேல்லையோ?" என்று அதைப் பேசினார். பிறகு தண்ணீர் ஊற்றினார். அது வாடினால் வள்ளத்துக்கு ஏதாவது நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு பிடித்துவிட்டது. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து ஒருமுறை மாடிக்கு ஓடுவார். வேர் குளிர்ச்சியாய் இருக்கவேண்டும், தலைக்குத்தான் வெயில் வேண்டும் என்று சினியோரா சொன்னதால், சட்டியைச் சுற்றி உடைந்த ஓடுகளை அடுக்கி நிழல் பண்ணினார். கொடி கையில் கிடைத்ததைப் பிடிக்கிற சாதி. பக்கத்தில் சாத்தியிருந்த கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மேலே போகத் தொடங்கியது.

பங்குனி கடைசியில் பெப்பே கூப்பிட்டான். கொழும்பிலிருந்து சந்திரமதி. உயிரோடு சந்திரமதி. நகுலேஸ்வரன் பேச வாயெடுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ, கேக்குதோ? நான் வந்திட்டன். ஃபொல்யோ பத்திரமோ?"

"ஓம். சட்டிக்குள்ளை கிடக்கு."

"சட்டிக்குள்ளையோ?"

"பெட்டிக்குள்ளை எண்டு சொன்னனான். லைன் சரியில்லை."

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். கடல் கடந்து வந்த களைப்போடு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்கிறது? அடுத்த கிழமை சொல்லலாம் என்று விட்டார். அடுத்த கிழமை அவள் கேட்டாள்.

"இப்ப என்ன மட்டிலை நிக்குது?"

"போன கிழமையை விட முன்னேற்றம். ரெண்டு பக்கத்தாலையும் வெளிக்கிட்டிருக்கு."

"ரோமாவிலையும் நாப்போலியிலையுமோ?"

"ஓம், அப்பிடித்தான்."

பொய் என்றும் சொல்லேலாது, உண்மை என்றும் சொல்லேலாது. சித்திரை முழுக்க இதே கதை. "துளிர்க்குது" என்றார், "பிடிச்சிட்டுது" என்றார், "இனி விடாது" என்றார். வைகாசியில் கொடி பூத்தது. வெள்ளையும் ரோசும் கலந்து, விரல் நீளக் குழல் குழலாய்ப் பூ. சாயந்தரமானால் மாடி முழுக்க மணம். அந்த மணத்துக்குள் இருந்துகொண்டு அவளிடம் பொய் சொல்ல அவருக்கு ஏலாமல் போயிற்று.

"மதி, ஒரு கதை சொல்ல வேணும். நீர் கோவிக்கக் கூடாது."

முழுக்கச் சொன்னார். லைன் அறுந்துவிட்டதோ என்று றிசீவரைத் தட்டினார்.

"ஆட்டுக்குழைக்கோ நான் கிளாலி கடந்தனான்?" என்றாள் சந்திரமதி.

பிறகு உண்மையாகவே லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவர் எடுத்தால் மாமாதான் கதைத்தார். "பிள்ளை குளிக்குது." "பிள்ளை கோயிலுக்குப் போட்டுது." கொழும்பில் எல்லா ஞாயிறும் ஒருத்தி குளித்துக்கொண்டே இருக்க முடியுமா? நகுலேஸ்வரன் மாடியில் போய்க் கொடிக்குப் பக்கத்தில் இருப்பார். பூ கொட்டி முடிகிற நேரம் ஒருநாள் பெப்பே கூப்பிட்டான். கொழும்பிலிருந்து அவளாகவே எடுத்திருந்தாள்.

"அது என்ன நிறம்?"

"எது?"

"உங்கடை ஃபொல்யோ."

அவர் சொன்னார். நிறம் சொன்னார், மணம் சொன்னார். மேல் நுனியில் இலைகள் ரெண்டு ரெண்டாய் ஒட்டிப் பிறந்து ஒரே தட்டாய் இருக்கும், தண்டு அந்தத் தட்டின் நடுவால் துளைத்துக்கொண்டு போகும், பூ அந்தத் தட்டில் வைத்த மாதிரி இருக்கும் என்று சொன்னார்.

"ஒட்டின இலையைப் பிரிச்சுப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். கிழியுது."

"பேந்து பிரியாதேங்கோ," என்றாள்.

அன்றிலிருந்து அவள் ரெண்டு ஃபொல்யோவையும் விசாரிக்கத் தொடங்கினாள். தாள் எப்பிடி? இலை எப்பிடி? தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. இலையைப் பற்றி அவர் தொலைபேசி அட்டை தீர்ந்துபோகும் வரை கதைப்பார். பூவின் அடியைக் கிள்ளி உள்நரம்பை இழுத்தால் நுனியில் ஒரு சொட்டுத் தேன் வரும். ஆனால் சிவப்பாய்க் காய்க்கிறதைத் தின்னக் கூடாது, வயிற்றைக் கலக்கும். பூவைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சினியோராவின் இருமலுக்குக் கொடுத்தார். மாலை கட்டப் பார்த்தார். குழல்பூ நாரில் நிற்காமல் நழுவியது. பிள்ளையார் படத்துக்குக் கிளையோடு முறித்து வைத்தார். அடிக்கொடி ஒன்றை வளைத்து, முடிச்சை மண்ணுக்குள் புதைத்துக் கல்லை வைத்தால் வேர் விடும் என்று கண்டுபிடித்து, அப்படி வந்த கன்றை மூன்றாம் வீட்டு மார்த்தினாவுக்குக் கொடுத்தார். அவள் அதற்குப் பதிலாய்க் கத்தரிக்காய் பொரித்துக் கொடுத்தாள்.

"ஆர் அந்த மார்த்தினா?" என்று கொழும்பிலிருந்து கேள்வி வந்தது.

"எழுபது வயசு, மதி."

"கேட்டனான், அவ்வளவுதான்."

அவள் முகம் மறந்து போகிறது என்று அவருக்கு ஒரு பயம் இருந்தது. கலியாணப் படம் இருக்கிறதுதான். படத்தில் அவள் அசையமாட்டாள். குரல் அசையும், ஆனால் அதற்கு முகம் இல்லை. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அவர் மாடியில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். சேரும், உடனே நழுவும்.

அடுத்த வைகாசியில், கொடி கட்டிலை முழுக்க மூடிப் பூத்து நின்றபோது, கொமூனேயிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து ஒரு மனிதர் வந்தார். மனைவியைக் கூப்பிடுகிறவனுக்கு வீடு இருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டுமாம். அறையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"மனுசி எங்கை படுப்பா?"

"கட்டில் இருக்கு. இரட்டைக் கட்டில்."

"எங்கை?"

நகுலேஸ்வரன் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனிதர் கொடிக்குக் கிட்டப் போனார். ஒரு பூவைக் கிள்ளி, சின்னப் பிள்ளை மாதிரித் தேனை உறிஞ்சினார். நகுலேஸ்வரனுக்கு நம்பிக்கை வந்தது.

"வடிவான கொடி," என்றார் மனிதர். "ஆனா கட்டில் வீட்டுக்குள்ளை இருக்க வேணும். அடுத்த செவ்வாய் வாறன்."

அவர் போன பிறகு நகுலேஸ்வரன் கொடியைச் சுற்றி எடுக்கப் பார்த்தார். புதுக்கொடி அவிழ்ந்தது. பழையது கயிறு முறுகின மாதிரிக் கம்பிக்குள்ளும் சுருளுக்குள்ளும் புகுந்து காய்ந்து இறுகியிருந்தது. கட்டில் வேண்டுமென்றால் கொடியை வெட்டவேண்டும். அவர் பெப்பேயிடம் போனார்.

"மதி, முழுக்கப் பூத்து நிக்குது. கைவைக்க மனம் வருகுதில்லை."

"இஞ்சாருங்கோ, அந்தக் கட்டிலிலை நான் படுக்கிறதோ, அது படுக்கிறதோ?"

அவர் தொலைபேசி வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"வெட்டுங்கோ," என்றாள். பிறகு குரல் இறங்கிற்று. "வேரிலை மட்டும் கை வையாதேங்கோ."

சினியோராவின் கத்தரிக்கோலை இரவல் வாங்கி வெட்டினார். முழங்கால் உயரத்துக்குக் கட்டை மட்டும் நின்றது. வெட்டிய பூவெல்லாவற்றையும் மார்த்தினாவும் பெப்பேயும் தெருப் பெண்களும் அள்ளிக்கொண்டு போனார்கள். கட்டிலை அறைக்குள் பூட்டி, மெத்தை போட்டார். இரும்பில் மணம் பிடித்திருந்தது. அவர் சுவர்ப் பக்கமாய் ஒடுங்கிப் படுத்து, மற்றப் பக்கத்தை விரிப்புச் சுருங்காமல் வைத்திருந்தார்.

ஐப்பசியில் தாள் வந்தது. இந்த முறை நகுலேஸ்வரன் அவசரப்படவில்லை. சினியோராவிடம் கொடுத்து வாசிப்பித்தார். பெப்பேயிடம் கொடுத்து வாசிப்பித்தார். ஜெயரட்ணத்திடம் மட்டும் கொடுக்கவில்லை. பிறகுதான் கொழும்புக்கு எடுத்தார்.

"மதி, ஃபொல்யோ வந்திட்டுது."

"இலையோ, தாளோ?"

"தாள்."

"எதுக்கும் ஒருக்கா மணந்து பாருங்கோ."

அவர் மணந்து பார்த்தார். "ஒரு மணமும் இல்லை."

"அப்ப சரி," என்றாள். லைன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்து தை மாதம் அவள் வந்தாள். ரோமாவில் இறங்கி, நாப்போலியில் ஒன்றுவிட்ட தமையன் கப்பலேற்றிவிட, காலையில் பலேர்மோத் துறைமுகத்தில் வந்து இறங்கினாள். மழை. தமையனின் பெரிய கோட்டுக்குள் அவள் எங்கேயோ இருந்தாள். நகுலேஸ்வரன் குடையைக் கையில் பிடித்திருந்தார், விரிக்கவில்லை. சனம் ரெண்டு பேரையும் இடித்துக்கொண்டு போனது. அவள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவர் படத்தில் பார்த்த முகம் இல்லை அது. கன்னம் மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, அசைந்துகொண்டிருந்தது.

"அடையாளத்துக்கு அந்தக் குழையிலை ஒரு நெட்டு முறிச்சுக்கொண்டு வந்திருக்கலாமே," என்றாள்.

"கட்டைதான் நிக்குது."

"தெரியும்."

தன் கையை எடுத்து அவருடைய கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டாள். "குளிருது," என்றாள். அந்தக் கையை விட்டால் கப்பல் அவளைத் திருப்பிக் கொண்டு போய்விடும் என்கிற மாதிரி, வீடு வரும் வரைக்கும் அவர் மற்றக் கையாலேயே எல்லாப் பெட்டியையும் இழுத்தார்.

இதை எழுதிய கீழ்வீட்டுக் கிருபன், எழுதினதைக் கொண்டுபோய் மாடியில் வைத்து நகுலேஸ்வரனுக்கு வாசித்துக் காட்டினான். எத்னா மலை வந்த இடத்தில் அவர் சிரித்தார். மண்ணெண்ணெய் வந்த இடத்தில் "அது ஏன்டா?" என்றார். துறைமுகம் வந்தபோது நிமிர்ந்து இருந்தார். வாசித்து முடித்துத் தாளை மடிக்கிற நேரம் கேட்டார்.

"டேய் கிருபன்."

"என்ன அண்ணை?"

"அண்டைக்குத் துறைமுகத்துக்கு வரக் கேட்க, பள்ளிக்கூடத்திலை சோதினை, வரேலாது எண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம் அண்ணை. சோதினைதான்."

"அவ குளிருது எண்டு மெல்லமாத்தான் சொன்னவ. மழை வேறை. எனக்கே வடிவாக் கேக்கேல்லை. நீ எங்கையடா நிண்டனீ?"